கெசியா வெள்ளையடித்த பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். கழுத்தில் கேமரா, காலில் புத்தம்புது பூட்ஸ். புதர்மேட்டில் இருக்கிற கான்கிரீட் பெட்டியைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"இங்க சண்டை பலமா நடந்துச்சாம்மா? எத்தன ஜெர்மன்காரங்க செத்தாங்க?"

"ஒருத்தனும் சாகல. அந்தப் பெட்டிக்குள்ளேர்ந்து வெடிச்சது ஒரே ஒரு குண்டு. அது அங்க காவலுக்கு நின்ன எங்க ஊர் கசாப்புக்காரரோட சொந்த பூட்ஸ்ல பாஞ்சுது."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அடக்கமாட்டாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்களே, அதன் மேல். சுவர் எத்தனை அங்குலம், எந்த ரெஜிமென்ட் கட்டியது, உள்ளே எந்த வகை வௌவால் தூங்குகிறது என்று எல்லாம் அதில் இருக்கிறது. கெசியா பெக் பற்றி ஒரு வரி இல்லை. வௌவாலுக்குக் கிடைத்த மரியாதை அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஹால்ஸ்ட்ராண்டில் நாற்பதாம் வருஷம், ஜெர்மன்காரன் கடல் வழியாக வந்து இறங்கினால் உள்ளே இருந்து சுடுவதற்கென்று ராணுவம் இரண்டு பெட்டி கட்டியது. ஆறு பக்கச் சுவர், பக்கத்துக்கு ஒரு துப்பாக்கிப் பொந்து, பின்னால் குனிந்து நுழைகிற வாசல். ஒன்று கரைமேட்டின் விளிம்பில் கடலைப் பார்த்து நின்றது. மற்றொன்று அதற்குப் பின்னால், புதர்மேட்டின் நடுவில், மஞ்சள் பூ பூக்கிற முள்ளுக்குள் பாதி மூழ்கிக் கிடந்தது. இப்போது வருகிறவர்கள் படம் பிடிப்பது இந்தப் பின்பெட்டியைத்தான். முன்பெட்டி கீழே மணலில் புதைந்து கிடக்கிறது. கடல் நன்றாக வற்றினால் பாசி பிடித்த கூரை மட்டும் தெரியும். அது ஏன் அங்கே போயிற்று என்று சொல்வதற்கு முன்னால் கெசியாவைச் சொல்ல வேண்டும்.

அவளுக்குத் தொழில் வெள்ளையடிப்பது. வீட்டுக்கு அல்ல, மாட்டுக்கொட்டிலுக்கு. பால் கறக்கிற இடத்துக்கு வருஷம் ஒரு தடவையாவது சுண்ணாம்பு அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பால் வாங்குகிறவன் வாங்க மாட்டான். முன்பு அந்த வேலையைச் செய்தவன் போருக்குப் போனான். கெசியா அவனுடைய தொட்டியையும் பம்பையும் எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள். போர் முடிந்து அவன் திரும்பி வந்து, அவள் அடித்த சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேசாமல் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போய்விட்டான். ஒரு சொட்டு வழிந்திருக்காது, ஒரு மூலை விட்டிருக்காது. உத்தரத்தின் மேல்பக்கம், எந்த மாடும் எந்த மனிதனும் பார்க்காத இடம், அங்கேயும் வெள்ளை இருக்கும்.

சைக்கிளுக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டியைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். புருவம், கண்ணிமை, தலைமுடி எல்லாம் வெளுத்திருக்கும். முழங்கை வரை சுண்ணாம்பு தின்ற தழும்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு. "ஒரு ஆம்பளைக்கு சமைச்சுப் போடறதுக்கு நாலு கொட்டில் அடிக்கலாம், கொட்டில் குறை சொல்லாது" என்பாள்.

வாய்க்கும் குறைச்சல் இல்லை. ஒரு பண்ணைக்காரர், "என்ன கெசியா, மாவுல புரட்டின மீனாட்டம் வந்து நிக்கிற?" என்று சீண்டினார். "எண்ணெய் காயட்டும், ஒங்க தாடியையும் சேத்துப் போட்டு வறுத்துரலாம்" என்றாள். அந்த மனிதர் அடுத்த வாரமே தாடியை எடுத்துவிட்டார்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குத் துறைமுகம் கிடையாது. படகுகளை மணலில் இருந்து தள்ளுவார்கள், மணலிலேயே ஏற்றுவார்கள். கரைமேட்டை வெட்டி இறக்கம் ஒன்று போட்டிருக்கிறது, அதுதான் ஊருக்கும் கடலுக்கும் வழி. ராணுவம் வந்தபோது டாங்கிகள் ஏறாமல் இருக்கக் கரை நெடுகக் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நட்டார்கள். ஊரில் அதற்குப் பெயர் 'பற்கள்'. போருக்குப் பிறகு இறக்கத்துக்கு எதிரே மட்டும் சில பற்களைப் பிடுங்கிப் படகு நுழைய ஒரு வாசல் விட்டார்கள். வருஷா வருஷம் கடல் மேட்டைத் தின்று உள்ளே வர, பற்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. கடல் ஏறியிருக்கும்போது வாசல் எது, பல் எது என்று கண்ணுக்குத் தெரியாது.

முன்காலத்தில் மேட்டின் மேல் ஒரு பழைய களஞ்சியம் இருந்தது. மாதா கோயில் கோபுரமும் அந்தக் களஞ்சியமும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தால், அந்த நேரைப் பிடித்துக்கொண்டு படகுகள் சரியாக இறக்கத்துக்கு வந்து சேரும். துப்பாக்கி சுடத் தடையாக இருக்கிறது என்று ராணுவம் களஞ்சியத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் முன்பெட்டியைக் கட்டியது. பெட்டியோ சாம்பல் நிறம், மேடும் சாம்பல் நிறம். கடலில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நாற்பத்தாறில் ஒரு நாள் கெசியாவிடம் சுண்ணாம்பு மிஞ்சிப்போயிற்று. கரைத்த சுண்ணாம்பை வைத்திருந்து பயனில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டியின் கடல்பக்கச் சுவரில் அடித்துத் தீர்த்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் கரைக்கு வந்த அவள் தம்பி ரூபன் ஓடி வந்து, "அக்கா, ரெண்டு மைல் தள்ளியிருந்தே பளிச்சுன்னு தெரியுதுக்கா!" என்று குதித்தான். அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும், நண்டுப் பருவம் தொடங்கும்போது, முதல் சுண்ணாம்பு பெட்டிக்குத்தான். யாரும் கேட்டதில்லை, யாரும் கூலி கொடுத்ததும் இல்லை.

ரூபனோடு அவள் பேச்சை நிறுத்தியது நாற்பத்தொன்பதில். காரணத்தைக் கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கடலுக்கு இறங்குகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கூப்பிட்டுவிட்டால் அன்று அவன் கடலுக்குப் போகக் கூடாது. கெசியாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான் என்று பதறிப்போய், "ரூபா!" என்று இறக்கத்தின் தலையில் நின்று கத்திவிட்டாள். அவன் திரும்பி வந்துவிட்டான். மற்ற படகுகள் போயின. அந்த வருஷத்திலேயே அன்றைக்குத்தான் நண்டு அள்ளிக்கொண்டு வந்தது.

"நீ எனக்கு அக்காவா, ஏழரையா?" என்றான் அவன்.

"வயிறு காஞ்சு சாகட்டும்னு விட்டிருக்கணும். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள் இவள்.

அவ்வளவுதான். ஒன்பது வருஷம். ஒரே தெரு, எதிரெதிர் வீடு, ஒரே கோயிலில் ஒரே பெஞ்சின் இரண்டு முனை. பெக் குடும்பத்துப் பிடிவாதத்தை வார்த்து எடுத்தால் ஒரு டாங்கியையே நிறுத்தலாம், கட்டை தேவையில்லை. ஆனால் வசந்தம் வந்தால் அவள் பெட்டிக்கு வெள்ளையடிப்பாள். சனிக்கிழமை வந்தால் அவள் வாசல் கேட்டில் இரண்டு நண்டு தொங்கும். பேச்சு இல்லை, நண்டு உண்டு.

ஐம்பத்தெட்டாம் வருஷம் எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. என் புருஷன் பெர்சி அப்போதுதான் சொந்தமாகப் படகு வாங்கியிருந்தான். ரூபன் எங்கே போகிறானோ அங்கே போவான், ரூபன் துப்பினால் இவனும் துப்புவான். மார்ச் கடைசியில் ஒரு காலை. குளிர்காலம் முழுக்கப் பெய்த மழையில் மேடு ஊறிப்போயிருந்தது. வடகிழக்குக் காற்று கிளம்பப்போகிறது என்று மற்றவர்கள் படகைத் தள்ளவில்லை. ரூபன் போனான். ஆகவே பெர்சியும் போனான்.

நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தரை ஒரு தடவை உதறியது. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுவென்றன. வெளியே ஓடினால், கெசியா சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மேட்டின் விளிம்பில் பெரிய கடி கடித்தது போல ஒரு துண்டைக் காணோம். பெட்டியையும் காணோம். எட்டிப் பார்த்தேன். பெட்டி உடையவில்லை, கவிழவும் இல்லை. சரிந்த மண்ணோடு அப்படியே வழுக்கி, பாதி உயரத்தில், கிழக்கே நன்றாகத் தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தது. யாரோ கையால் தூக்கி வைத்தது போலக் கடலைப் பார்த்து நேராக நின்றது. முந்தின வாரம்தான் கெசியா வெள்ளையடித்திருந்தாள். அத்தனை பளிச்சென்று நான் அதைப் பார்த்ததே இல்லை.

எனக்கு முதலில் புரியவில்லை. "நல்ல வேளை, உடையலக்கா" என்றேன்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உடைந்திருந்தால் நல்லது. படகுகள் வெள்ளையைக் காணாமல் வெளியே தயங்கி நின்றிருக்கும். இப்போது அவர்கள் வழக்கம் போல வெள்ளையைத் தேடுவார்கள், கோபுரத்தை அதன் மேல் வைப்பார்கள், நேராகப் பற்கள் மேல் ஏறுவார்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. காற்று கிளம்பிவிட்டது. ரொம்ப நேரம் வெளியே நிற்கவும் முடியாது.

"கீழ போய் அது மேல சேத்த அள்ளி அப்பிருவோமா?" என்றேன்.

"மண்ணு இன்னும் எறங்கிட்டிருக்குடி. அது மேல கால வெச்சா நீயும் அதோட போயிருவ. அப்புறம் பெர்சிக்கு நானா பதில் சொல்றது?" அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒன் கொடியில என்ன காயுது?"

"ரெட்டைக் கட்டில் விரிப்பு. எங்க மாமியார் கல்யாணத்துக்குக் குடுத்தது."

"வெள்ளையா?"

"வெள்ளைதான், ஆனா அது…"

"எடுத்துட்டு வா. ஒன் மாமியாரையும் சேத்து இழுத்துட்டு வந்தாலும் சரிதான். ஓடு! போற வழியில கடையில போன் பண்ணி உயிர்காப்புப் படகக் கூப்பிடச் சொல்லு."

ஓடினேன். கடைக்காரர் போன் செய்தார். பக்கத்து டவுனில் இருந்து படகு கிளம்பி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, கெசியா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்போரமாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தாள். பயத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னக்கா பண்றீங்க? கடல் அந்தப் பக்கம்!"

"வாய மூடு. கோபுரத்தப் பாக்கறேன்." இன்னும் இரண்டடி நகர்ந்தாள். "வெள்ளையடிச்சு முடிச்சு பெட்டியோட பின்வாசல்ல ஒக்காந்து டீ குடிப்பேன்ல, அப்ப கோபுரம் பின்பெட்டியோட எடது மூலைக்கு மேல நிக்கும். வருசா வருசம் அதையேதான் பாத்துட்டு ஒக்காந்திருப்பேன். பெட்டி போனாப் போகட்டும். அந்த நேர் எங்கயும் போகல." நின்றாள். குதிகாலால் மண்ணில் ஒரு குழி போட்டாள். "இங்கதான். புடி அந்த முனைய."

மேட்டின் மேல் நாங்கள் இரண்டு பேரும் விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கி விரித்துப் பிடித்தோம். காற்று அதைப் பாய் மாதிரி எங்கள் மேல் அறைந்தது. ஈரத்துணி, கனம் வேறு. அவளுக்கு முன்னால் முழுக்க விரிப்பு, கடல் தெரியாது. நான் என் முனையில் இருந்து தலையை நீட்டிப் பார்த்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரூபனின் படகுதான் முதலில் தெரிந்தது. நீல மூக்கு. அலையில் ஏறி இறங்கி வந்தது.

"எங்க பாத்து வர்றான்?"

"பெட்டியப் பாத்துதான்க்கா வர்றாரு."

விரிப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்தினாள். அவள் உயர்த்தியதால் நானும் உயர்த்த வேண்டியிருந்தது. அப்போது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அத்தனை வருஷம் தன் கையால் தம்பிக்காக அடித்த வெள்ளை, அந்த வெள்ளையே அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக அவள் கையில் இருந்தது ஒரு படுக்கை விரிப்பு.

படகு நின்றது. வேகத்தைக் குறைத்துவிட்டு, அலையில் ஆடிக்கொண்டே அந்த இடத்திலேயே நின்றது. அவனுக்கு இரண்டு வெள்ளை தெரிந்திருக்கிறது. கீழே இறக்கத்தில் கயிறோடு காத்திருந்தவர்கள் கையை ஆட்டினார்கள், கத்தினார்கள். அலைக்கு மேல் அது யாருக்குக் கேட்கும்? அந்த நேரத்தைப் பற்றிப் பிறகு மதுக்கடையில் ரூபன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். "பெட்டி என்னைய ஒரு நாளும் ஏமாத்தினதில்ல. மேல ஒரு துணி, அதுக்குக் கீழ நாலு காலு. ரெண்டு காலு ரப்பர் பூட்ஸ்ல, வெளுத்துப்போயி. எங்க அக்கா வேலைவெட்டி இல்லாம துணியத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிற ஆளில்ல. அப்ப பெட்டிதான் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணேன்" என்றான்.

"திரும்பறாருக்கா!" என்று கத்தினேன். "மேற்க திரும்பறாரு!"

"கத்தாத. ஆடுது."

நீல மூக்கு எங்கள் நேரைப் பிடித்தது. பற்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் இருபுறமும் வெள்ளையாகக் கிளம்பியது, நடுவில் படகு நழுவி வந்தது. மணலில் ஏறியதும் கீழே இருந்தவர்கள் கயிற்றை மாட்டினார்கள். ரூபன் படகைத் தன் கூட்டாளியிடம் விட்டுவிட்டு இறக்கத்தில் ஏறி ஓடி வந்தான். தலையில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. நேராக விரிப்புக்கு முன்னால் வந்து நின்று, அதற்கு அடியில் குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"தள்ளி நில்லுடா" என்றாள் கெசியா. "மறைக்குது. பெர்சி இன்னும் வரல."

அவன் சட்டென்று விலகினான்.

எனக்கு அதுவரை கை வலித்தது தெரியவில்லை. பெர்சியின் பெயரைக் கேட்டதும் எட்டிக் கடலைத் தேடினேன். மேற்கே தூரத்தில் போட்ட நண்டுக் கூடுகளையும் எடுத்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான், பேராசைக்காரன். என் முனை தாழ்ந்தது. ரூபன் என் கையில் இருந்து துணியை வாங்கிக்கொண்டான்.

"நீ விடு வின்னி. நான் புடிக்கிறேன். நீ பாத்துச் சொல்லு."

"ஒசத்திப் புடி" என்றாள் அவள்.

"ஒசத்தித்தான்க்கா புடிச்சிருக்கேன்."

"இன்னும்."

நான் ஈரப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பெர்சியின் படகு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவனுக்குப் பெட்டி தெரிந்ததா விரிப்பு தெரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அவனைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வான். ஆனால் நேராக வந்தது. பற்களுக்கு நடுவில் ஒரு அலை அதைத் தூக்கி மணலில் எறிந்தது. பெர்சி குதித்து இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து, தொப்பியைத் தேடினான்.

அவன் தொப்பியைக் கண்டெடுத்துத் தலையில் வைக்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குப் பிறகுதான் அவன் வந்துவிட்டான் என்று சொன்னேன். அதுவரை அந்த இரண்டு பேரும் விரிப்பை இறக்கவே இல்லை.